படை அகன்றால் பகை அகலுமா? ஒரு பாக்தாத் நாவலை முன்வைத்து

ஈராக்கிலிருந்து அன்னியப் படைகள் வெளியேறிவிட்டால் அங்கே இரத்தம் சிந்துவது நின்றுவிடும் என்பது 2003ஆம் ஆண்டுக்குப் பின் நம்மவர் மேடைகளில் ஐயமின்றி ஒலித்த கூற்று. ஜும்ஆ உரைகளில் கேட்டோம், இதழ்களில் படித்தோம். நாமும் அவ்வாறே நம்பினோம். வகுப்பில் அரபு நாளேட்டுச் செய்திகளை வாசிக்கச் செய்தபோதெல்லாம் மாணவர்களுக்கு அதையே விளக்கமாகவும் சொன்னோம். 2011 டிசம்பர் 18 அன்று கடைசி அமெரிக்க அணி எல்லையைக் கடந்து குவைத்துக்குள் சென்றது. மறுநாளே துணைக் குடியரசுத் தலைவர் தாரிக் அல்ஹாஷிமியைக் கைது செய்ய ஆணை பிறந்தது. 22ஆம் நாள் பாக்தாதில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். நாம் மாணவர்களுக்குச் சொன்ன விளக்கத்துக்கு ஒரு வார ஆயுள்கூட இல்லை.

அகமது சஅதாவியின் 'பாக்தாதில் பிராங்கன்ஸ்டைன்' என்ற அரபு நாவலை அண்மையில் மீண்டும் படித்தபோது அந்தப் பழைய பாடம் நம்மை உறுத்தியது. ஆசிரியர் 1973இல் பாக்தாதில் பிறந்தவர். நாவல் 2013இல், அதாவது படைகள் போன பிறகு, வெளிவந்தது. கதை நடப்பதோ படைகள் இருந்த 2005இல். 2014 ஏப்ரலில் அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசு இதற்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஈராக்கியர் இவரே. அடுத்த சில வாரங்களில், ஜூன் 10 அன்று, மூஸில் நகரம் வீழ்ந்தது.

பத்தாவீன் என்ற பழைய குடியிருப்பில் ஹாதி என்றொரு பழம்பொருள் வியாபாரி. அவனுடைய கூட்டாளி நாஹிம் குண்டுவெடிப்பில் இறந்துபோகிறான். பிணவறைக்குச் செல்லும் ஹாதி, யாருடைய உறுப்பு யாருடையது என்று அறிய முடியாமல் சதைகள் கலந்து கிடப்பதைக் காண்கிறான். பின்னர் குண்டு வெடித்த தெருக்களில் சிதறிக் கிடக்கும் உறுப்புகளைப் பொறுக்கி வந்து ஓர் உடலாகத் தைக்கத் தொடங்குகிறான். அவன் நோக்கம் பயங்கரமானதன்று. குப்பையோடு குப்பையாய்ப் போகாமல், முழு மனிதனுக்குரிய கண்ணியத்தோடு அது அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பதே. ஜனாஸாவின் ஒழுங்குகளைச் சிறுவயதிலிருந்து கற்ற வாசகர் எவரும் இந்த இடத்தைக் கலங்காமல் கடக்க முடியாது. நாவலின் மிக உயர்ந்த கற்பனை இதுவே. பின்னால் வரும் வேட்டையும் விசாரணையும் இதன் உயரத்தை எட்டவில்லை என்பது நம் கருத்து.

உணவு விடுதிகள் நிறைந்த நகரில் ஒரு ஹோட்டலின் காவலாளி ஹஸீப் குண்டுக்கு இரையாகிறான். உடலை இழந்து அலையும் அவனது உயிர் தைத்த உடலில் புகுந்துகொள்கிறது. ஹாதி அவ்வுயிரினத்துக்கு இடும் பெயர் 'ஷிஸ்மா'. மதரஸா அரபியில் இச்சொல் கிடையாது. 'அதன் பெயர் என்ன' என்ற தொடர் பாக்தாத் மக்களின் நாவில் தேய்ந்து ஒரு சொல்லானது. பெயர் நினைவுக்கு வராத பொருளைச் சுட்ட அவர்கள் வழங்குவது. கதை கூறலில் செவ்விய அரபியையும் உரையாடலில் நகர வழக்கையும் ஆசிரியர் கலந்திருக்கும் முறையைத் தமிழாக்குவோர் எவ்வாறு கையாள்வர் என்று நாம் வியப்பதுண்டு.

ஷிஸ்மா தன் உறுப்புகளுக்கு உரியவர்களைக் கொன்றவர்களைத் தேடிப் பழிதீர்க்கிறான். பழி தீர்ந்ததும் அந்த உறுப்பு அழுகி விழுகிறது. உயிர்வாழப் புதிய சதை வேண்டும். முதலில் அநீதியாகக் கொல்லப்பட்டோரின் சதை. பிறகு குற்றவாளிகளின் சதையும் வந்து சேர்கிறது. ஒரு கட்டத்தில் பார்வை மங்கியபோது, குற்றமேதும் அறியாத ஒரு முதியவரைக் கொன்று அவர் கண்களை எடுத்துக்கொள்கிறான். நீதிக்காகத் தொடங்கியது தன் இருப்புக்காகவே கொல்வதாய் முடிகிறது.

ஃபிக்ஹு நூல்களைக் கற்பிப்பவர் என்ற முறையில் நம் மனம் இவ்விடத்தில் கிஸாஸ் பற்றிய அத்தியாயத்துக்குச் செல்கிறது. பழிக்குப்பழி கோரும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு உண்டு. ஆனால் அதனை நிறுவுவது நீதிபதி. நிறைவேற்றுவது ஆட்சியாளரின் அதிகாரத்தின் கீழ். வாரிசு மன்னிக்கலாம், ஈட்டுத்தொகை பெறலாம். ஓர் ஒட்டகத்தின் பேரால் பக்ரு, தஃக்லிபு குலத்தார் நாற்பது ஆண்டுகள் வெட்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் பஸூஸ் போரின் உலகத்துக்கு இஸ்லாம் இட்ட கடிவாளம் அது. பலருடைய துண்டுகளால் ஆன ஷிஸ்மாவுக்கு வாரிசு யார்? வாரிசற்றவருக்கு ஆட்சியாளரே வலீ என்பார்கள் நம் சட்ட அறிஞர்கள். 2005இன் ஈராக்கில் அந்த ஆட்சியாளர் எங்கே?

நாவல் இவ்வினாவை நேரடியாகக் கேட்கவில்லை. ஆயினும் விடை வரலாற்றில் இருக்கிறது. 2003 மே 23 அன்று பால் பிரெமர் ஓர் ஆணையால் ஈராக்கின் படையைக் கலைத்தார். அதற்கு ஒரு வாரம் முன்பே பஅத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் அரசுப் பணிகளிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். இலட்சக்கணக்கானோர் ஆயுதப் பயிற்சியோடும் மானக்கேட்டோடும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நகரங்களைக் காக்க எவருமில்லாத நிலையில் ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் காவலைத் தாமே தேடிக்கொண்டனர். படை வந்ததால் விளைந்த அழிவு அது. அப்படை திரும்பிச் சென்றதால் மட்டும் கலைக்கப்பட்டது மீண்டும் கூடிவிடவில்லை. நாம் காணத் தவறியது இதைத்தான்.

'ஈராக் பாடி கவுண்ட்' என்ற அமைப்பு பதிவு செய்த பொதுமக்கள் இறப்பு 2011இல் ஏறத்தாழ 4,100. படை விலகிய 2012இல் 4,600. 2013இல் 9,800ஐத் தாண்டியது, 2014இல் 20,000ஐ. இக்கணக்கைக் காட்டி, 'ஆகவே படை இருந்திருக்க வேண்டும்' என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் 2006ஆம் ஆண்டின் கணக்கை மறைத்துவிடுகிறார்கள். ஒன்றரை இலட்சத்துக்கு அருகில் அன்னியப் படையினர் நாட்டிலிருந்த அவ்வாண்டில் மட்டும் 29,000 பேர் மாண்டதாக அதே பதிவு கூறுகிறது. ஸாமர்ராவின் அஸ்கரிய்யா அடக்கத்தலம் தகர்க்கப்பட்டதும் அவ்வாண்டு பிப்ரவரியில்தான். படை இருந்தது அதைத் தடுக்கவில்லை.

பஸ்ராவில் இக்கேள்வி சிறிய அளவில் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கப்பட்டது எனலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டிஷ் படையினர் நகரத்திலிருந்த அரண்மனை முகாமைக் காலி செய்து விமான நிலையத்துக்குப் பின்வாங்கினர். அவர்கள் மீதான தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த வகையில் 'படை போனால் வன்முறை குறையும்' என்றோர் கூற்று பொய்யன்று. படையை நோக்கிய வன்முறை குறைந்தது. ஆனால் தெருக்கள் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போயின. 2008 மார்ச்சில் ஈராக் அரசே தன் படையை அனுப்பிப் போரிட்டுத்தான் நகரத்தை மீட்டது. ஆப்கானிஸ்தானிலும் 1989 பிப்ரவரி 15 அன்று சோவியத் படை ஆற்றைக் கடந்து போனபின், 1992இல் நஜீபுல்லாஹ் ஆட்சி வீழ, காபூலை இடித்தவர்கள் முஜாஹிதீன் குழுக்களே. 2021 ஆகஸ்டு 30க்குப் பின் அங்கே போர்ச்சாவு பெரிதும் குறைந்தது உண்மை. ஒரு தரப்பு முழு வெற்றி பெற்றுவிட்டதால் வந்த அமைதி அது. அதே ஆண்டு அக்டோபரில் குந்தூஸ், கந்தஹார் நகரங்களின் ஷியா பள்ளிவாசல்களில் ஜும்ஆ நேரத்தில் குண்டுகள் வெடித்தன.

நாவலிடம் நமக்கு ஒரு முறையீடு உண்டு. அதில் அமெரிக்கர் ஓரத்தில் நிற்கிறார்கள். வாகனங்களில் விரைந்து கடக்கும் நிழல்கள் மட்டுமே. அனைவர் கையிலும் இரத்தம் என்ற தொனி ஓங்க ஓங்க, கதவை உடைத்து நுழைந்தவனின் தனிப்பொறுப்பு கரைந்துபோகிறது. ஆக்கிரமிப்பு அநீதி, அது முடிவது கடமை. அதன் பயன் அமைதியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்கடமை மாறாது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பவனிடம் 'இதனால் என்ன பயன்' என்று நாம் கேட்பதில்லை. நம் பழைய பேச்சின் பிழை, விலகலைக் கோரியதில் இல்லை. விலகலோடு நம் வேலை முடிந்ததாக எண்ணியதில் இருந்தது. முஸ்லிமை முஸ்லிம் கொல்வதை அன்னியரின் சூழ்ச்சி என்ற ஒரே சொல்லில் கட்டி ஒதுக்கிவைத்தோம்.

2005 ஆகஸ்டு 31 அன்று நடந்த அயிம்மா பாலத் துயரமும் நாவலில் இடம்பெறுகிறது. காழிமிய்யா நோக்கிச் சென்ற ஷியா யாத்திரிகர் கூட்டத்தில் தற்கொலைக் குண்டாளி ஒருவன் இருப்பதாக வதந்தி பரவியது. பாலத்தில் எந்தக் குண்டும் வெடிக்கவில்லை. எந்த அன்னியச் சிப்பாயும் சுடவில்லை. நெரிசலிலும் ஆற்றிலும் மாண்டவர்கள் ஆயிரத்தை ஒட்டியவர்கள். எதிர்க்கரை அஃழமிய்யாவைச் சேர்ந்த ஒரு ஸுன்னி இளைஞர் தஜ்லாவில் குதித்துப் பலரைக் கரைசேர்த்துத் தாமும் மூழ்கி இறந்தார். ஷிஸ்மாவுக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்கிய ஆசிரியர், நீரில் குதித்தவருக்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

பத்தாவீனில் எலீஷ்வா என்ற அஸீரியக் கிறிஸ்தவ மூதாட்டி, போன மகன் தானியால் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறாள். ஷிஸ்மாவையே மகனென்று நம்பி அவன் உடைகளை அணிவிக்கிறாள். தானியாலை விழுங்கியது அமெரிக்கப் படையன்று, 1980களின் ஈரான் போர். அவனைப் போர்முனைக்கு இழுத்துச் சென்றவன் அதே தெருவின் முடிதிருத்துபவன், பஅத் கட்சிக்காரன் அபூ ஸைதூன். முதுமையில் தளர்ந்து கிடக்கும் அவனையும் ஷிஸ்மா தேடி வந்து கொல்கிறான். அந்தக் கணக்கு தொடங்கியபோது ஈராக்கில் எந்த அன்னியப் படையும் இருக்கவில்லை.