ஆட்டோ மேல் வீடும் கொல்லைப்புற வாடகை அறையும்

அருண் பிரபு என்ற இளம் கட்டடக்கலைஞர் 2019-ல் செய்த ‘சோலோ 01’ பலருக்கு நினைவிருக்கும். ஆட்டோவின் மேல் ஒரு வீடு. 36 சதுர அடியில் படுக்க இடம், சமையல் மேடை, கழிப்பறை, மேலே சோலார் பேனல், தண்ணீர்த் தொட்டி. செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். 2021-ல் ஆனந்த் மகிந்திரா ட்விட்டரில் பாராட்டியதும் ஊரெல்லாம் அதே பேச்சு.

அதன் பொறியியலில் எனக்குக் குறையே இல்லை. சின்ன இடத்தை அவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்தியிருக்கிறார். வாடகை வீட்டுப் பிரச்சினைக்கே இது தீர்வு என்று சிலர் பேச ஆரம்பித்ததுதான் இடிக்கிறது.

கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்வோம். மேய்ச்சல் நிலத்தில் சிப்காட் வந்தது, மிஷெலின் டயர் ஆலை வந்தது. வேலைக்கு வருகிறவர் எங்கே தங்குவார்? தொழிற்பேட்டை ஊர்களில் நாம் கண்ட வழி லைன் வீடு. கொல்லையில் ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமென்ட் ஷீட், வரிசையாக அறைகள்.

அப்படி ஒரு கொல்லையில் சோலோ 01-ஐ நிறுத்தி வாடகைக்கு விட்டால் சட்டப்படி அது என்ன? வண்டியா, கட்டடமா? வண்டி என்றால் வீடு என்ற கணக்கில் வராது. கட்டடம் என்றால், தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒற்றை அறைக்கே குறைந்தது 9.5 சதுர மீட்டர் கேட்கிறது. அதாவது 102 சதுர அடி. சோலோ அதில் பாதிகூட இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இந்தக் கேள்விக்கு 2019 டிசம்பரில் பதில் எழுதியது. சக்கர வீட்டையும் கொல்லைப்புறக் குடியிருப்பாக ஏற்கிறோம், ஆனால் குறைந்தது 150 சதுர அடி வேண்டும், குடிநீர், கழிவுநீர் இணைப்பு வேண்டும், சக்கரம் வெளியே தெரியக்கூடாது என்றது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான மனைகளுக்கு ‘ஒரு மனை, ஒரு வீடு’ என்ற விதி இருந்தது. அந்தச் சுவரை உடைக்க அவர்களுக்கு வருஷக்கணக்கில் சட்டம் தேவைப்பட்டது.

நம்மிடம் அந்தச் சுவரே கிடையாது! தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 2019 ஒரே மனையில் ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளை அனுமதிக்கிறது. எஃப்.எஸ்.ஐ. 2. சிக்கல் செட்பேக்கில்தான். நாம் கொல்லை என்று சொல்லும் இடத்தில் ஒரு பகுதி, விதிப்படி காலியாக விடவேண்டிய இடமாக இருக்கலாம். அதைத் தள்ளி, மிச்சத்தில் திட்டம் போட்டால் சின்ன வீட்டுக்கு முறையாக அனுமதி வாங்கலாம். சக்கரம் எதற்கு?

இதில் மாட்டிக்கொள்வது வாடகைக்கு இருப்பவர். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் (2019-ல் நடைமுறைக்கு வந்தது) எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் பதிவும் கேட்கிறது. அனுமதியில்லாத அறைக்கு எந்த உரிமையாளர் கையெழுத்துப் போடத் துணிவார்? காகிதம் இல்லையென்றால் முகவரிச் சான்று கிடையாது. நாளைக்கே காலி பண்ணு என்றாலும் காட்ட ஒன்றும் இருக்காது. வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு விடுதி திறந்தார்கள், நல்ல காரியம். குடும்பத்தோடு வருகிறவருக்கு விடுதி ஆகாதே.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் முன்னரே ஒப்புதல் பெற்ற சின்ன வீட்டு வரைபடங்களை 2025 முதல் உள்ளாட்சிகளே வைத்திருக்க வேண்டும். இங்கே 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டச் சுயசான்று முறை இருக்கிறது. அதோடு ஜன்னலும் கழிப்பறையும் சரியாக அமைந்த 200 சதுர அடி வரைபடம் நாலைந்தை அரசே சேர்த்து வைக்கலாம். லைன் வீடு கட்டுகிற மேஸ்திரி அதைப் பார்த்துக் கட்டிவிடுவார்.

சோலோ 01 நல்ல டிசைன். ஆனால் தேர்வாய் கண்டிகை வாடகைதாரருக்கு அதைவிட அவசரமாக வேண்டியது, அனுமதி எண் போட்ட ஒரு வரைபடமும் அவர் பெயர் போட்ட ஒரு ஒப்பந்தமும்.