பாத்திரத்துக்கு மொழி வந்த வழி

எமது சிறுகதைகளில் அடிக்கடி தென்படும் வசனம், "அவனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்" என்பது. கதாசிரியருக்கு அவ்விடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். பாத்திரம் அந்த வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. எங்கே, யாரிடம், என்ன தேவைக்காகக் கற்றான் என்பதைக் கதை சொல்வதில்லை.

1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற விளையாட்டிலும் இதே சிக்கல் உண்டு. மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதையாக ஆடுவது அது. பாத்திரம் அறிந்த மொழிகளையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டு விதிநூலில், அறிஞராக வாழ்ந்த பாத்திரத்துக்கு மேலதிகமாக இரண்டு மொழிகள் கிடைத்தன. 2024ஆம் ஆண்டு நூலிலோ, பொதுமொழியுடன் இன்னும் இரண்டைப் பட்டியலிலிருந்து எவரும் தெரிவு செய்யலாம். எப்படிக் கற்றது என்ற முன்கதையை ஆடுபவரே புனைந்துகொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு இது போதும். கதைக்குப் போதாது.

ஏனெனில் வாழ்க்கை எவருக்கும் ஒரு மொழியை முழுதாகக் கொடுப்பதில்லை. சிறுவயதில் குர்ஆன் ஓதப் பழகியவர் அரபை அழகாக வாசிப்பார். அந்த மொழியில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்க அவருக்கு வராது. சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போய்வந்தவர் சமையலறை அரபை மளமளவென்று பேசுவார். எழுதிய கடிதத்தை வாசிக்க முடியாது. இருவருக்கும் 'அரபு தெரியும்' என்று எழுதினால் இரண்டு வாழ்க்கைகளும் மறைந்துபோகும். சென்றியில் நின்று சிங்களம் கற்றவனுக்கு 'கோஹேத யன்னே' விளங்கும். சிங்களத் தாலாட்டு விளங்காது.

எமது நாவல் மரபு தொடங்கிய இடத்திலேயே இதற்கான வாய்ப்பு இருந்தது. 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' எகிப்தில் பிறந்து, கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, மீண்டும் எகிப்து செல்லும் ஒருவனின் கதை. அந்தப் பயணமே அவனது மொழிகளின் முன்கதை எனலாம். இன்றைய எழுத்தாளர் அதிலிருந்து தொடங்கலாம்.

இது வெறும் உத்தி சார்ந்த விடயமன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் வளர்ந்தார்கள். யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்த ஒருவரைக் கதையில் கொண்டுவரும்போது, சோனகதெருவின் பழைய பேச்சை அப்படியே அவரது வாயில் வைத்துவிடுகிறோம். அவரது அகதி வாழ்வு அந்த உரையாடலில் அழிந்துபோகிறது. திரும்பி வந்தவர் போகவே இல்லை என்றாகிறது.

மாணவருக்குக் கதை எழுதக் கொடுக்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: பாத்திரத்துக்கு ஒரு மொழியைக் கொடுத்தால், அந்த மொழியில் அவருக்குத் தெரியாத சொல் எது என்பதையும் தீர்மானியுங்கள். நீண்ட முன்கதை வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லில் அவர் தடுமாறட்டும். வந்த வழி வாசகருக்குத் தெரிந்துவிடும்.