வாத்தியார் போன பிறகு

ரமோன் மெனெந்தெஸ் இயக்கிய ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ (1988) நல்ல படம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் படத்தோடு சண்டை போடப் போகிறேன்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கார்ஃபீல்டு உயர்நிலைப்பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள், ஏழைக் குடும்பங்கள். பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலான்டே அங்கே கணக்கு வாத்தியாராக வருகிறார். 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்திலான கால்குலஸ் தேர்வை எழுதி, 18 பேருமே தேறுகிறார்கள். தேர்வு நடத்தும் அமைப்புக்குச் சந்தேகம். 14 பேர் காப்பியடித்திருக்கலாம் என்கிறது. 12 பேர் மறுபடி எழுதி மறுபடியும் தேறுகிறார்கள். இவ்வளவும் உண்மையிலேயே நடந்தது.

படத்தின் பெரிய பலம், அதில் நிஜமாகவே கணக்கு நடக்கிறது. எதிர்ம எண்ணை விளக்க, கடற்கரை மணலில் குழி தோண்டுவதைச் சொல்வார் எஸ்கலான்டே. குழி கழித்தல், வெளியே வந்த மண் கூட்டல், மூடினால் பூஜ்ஜியம். எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸ் அந்த மனிதராகவே மாறியிருக்கிறார். ஆஸ்கர் பரிந்துரை சும்மா வரவில்லை.

இன்னொன்றையும் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. எஸ்கலான்டே கணினி சொல்லிக்கொடுக்கத்தான் வருகிறார். பள்ளியில் கணினியே இல்லை. ‘அப்போ கணக்கு எடுங்க’ என்கிறார்கள். நகரத்து அரசுப் பள்ளிகளில் ஆள் எடுக்கும் லட்சணம் இந்த ஒரு காட்சியில் வந்துவிடுகிறது. காலி இடம் ஒன்று, கையில் கிடைத்த ஆள் ஒருவர், இரண்டையும் முடிச்சுப் போட்டாச்சு. மின்னணுத் துறை வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்கு வந்தவர் அவர். அதே துறையில் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த இடைவெளியின் கனம் தெரியும். கணக்கு தெரிந்தவனுக்கு வெளியே எப்போதும் கூடுதல் விலை உண்டு. கணக்கு வாத்தியார் கிடைக்காததற்கு அது ஒரு காரணம்.

ஆனால் அது ஒன்றுதான் காரணமா? இங்கேதான் படம் நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது.

படத்தைப் பார்த்தால், பின்னம் தெரியாத பிள்ளைகள் சீக்கிரமே கால்குலஸுக்குத் தாவிவிடுகிறார்கள். நிஜத்தில் எஸ்கலான்டே கார்ஃபீல்டில் சேர்ந்தது 1974இல். 1979இல் அவருடைய முதல் கால்குலஸ் வகுப்பில் தேர்வெழுதியவர்கள் 5 பேர், தேறியவர்கள் 2 பேர். 1981இல் 15 பேர் எழுதி 14 பேர் தேறினார்கள். பிறகுதான் அந்த 18 பேர். எட்டு வருஷ உழைப்பு! அதற்குள் கீழ்வகுப்புகளின் பாடத்திட்டம் மாறியது. பக்கத்துக் கல்லூரியில் கோடைகால வகுப்புகள் வந்தன. பென் ஹிமெனெஸ் என்ற இன்னொரு ஆசிரியர் கூடவே நின்றார். ஹென்றி கிராடில்லாஸ் என்ற முதல்வர் முட்டுக்கட்டைகளை எடுத்துப்போட்டார். படத்தில் இந்த இரண்டு பெயர்களும் இல்லை. நாயகனுக்கு இடம் வேண்டுமென்று மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சினிமான்னா அப்படித்தானே, சுருக்கித்தானே ஆகணும் என்று கேட்கலாம். சுருக்கலாம், ஆனால் எதைச் சுருக்குகிறோம் என்று பார்க்க வேண்டும். இங்கே விடுபட்டது அந்தச் சாதனை எப்படி நடந்தது என்பதுதான். நம் ‘சாட்டை’, ‘வாத்தி’ வரை இதே கதைதான். நல்லவர் ஒருவர் வந்தால் பள்ளி திருந்திவிடும்.

படத்தின் முடிவில் திரையில் ஒரு பட்டியல் ஓடும். ஒவ்வொரு வருடமும் தேறியவர்களின் எண்ணிக்கை. 1982இல் 18இல் தொடங்கி, 1987இல் எண்பதைத் தாண்டும். படம் 1988இல் வந்ததால் பட்டியல் அங்கே நின்றுவிட்டது. நாம் தொடர்ந்து எழுதிப் பார்ப்போம். 1987இல் கிராடில்லாஸ் முதல்வர் பதவியிலிருந்து போனார். 1990இல் எஸ்கலான்டே துறைத்தலைவர் பொறுப்பை இழந்தார். 1991இல் பள்ளியையே விட்டுப் போனார். 1996இல் கால்குலஸில் தேறியவர்கள் 11 பேர்.

ஒரு மனிதர் போனதும் சரிகிற அமைப்பை என் தொழிலில் யாரும் வெற்றி என்று சொல்ல மாட்டார்கள். ‘இவர் நாளைக்கு வரலைன்னா என்ன ஆகும்?’ என்று முதல் நாளே கேட்போம். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைப்போம், எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்ப்பார். ஒரு புது வாத்தியாருக்கோ பெரும்பாலும் முதல் நாளே தனி வகுப்பு. கதவைச் சாத்தினால் அவரும் பிள்ளைகளும்தான்.

எஸ்கலான்டேவின் வகுப்புகளில் 50 பேருக்கு மேல் இருந்ததுண்டு. தொழிற்சங்க ஒப்பந்தப்படி வரம்பு 35. சங்கம் ஆட்சேபித்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகச் சங்கத்தை வில்லனாக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 35 என்பது சாதாரண மனிதர் இருபது வருஷம் தாக்குப்பிடிப்பதற்கான எண். 50 பேரை ஒருவர் சுமந்தார் என்றால், அங்கே இரண்டாவது வாத்தியார் இல்லை என்றுதான் அர்த்தம். அவருடைய பெருந்தன்மை அந்தப் பற்றாக்குறையை மறைத்துவிட்டது.

சமூகவியலாளர் ரிச்சர்டு இங்கர்சால் 2001 முதல் சொல்லிவருவதும் இதுதான். அமெரிக்கப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறைக்குப் பெரிய காரணம், ஓய்வுக்கு முன்பே வெளியேறுகிறவர்கள். ஓட்டை வாளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. கணிதமேதையும் முதலீட்டாளருமான ஜிம் சைமன்ஸ் 2004இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘மேத் ஃபார் அமெரிக்கா’ முதலில் புதியவர்களைத் தேடியது. போகப்போக, ஏற்கெனவே நன்றாகப் பாடம் எடுப்பவர்களைத் தக்கவைப்பது அதன் முக்கிய வேலையானது. நான்கு ஆண்டு உதவித்தொகை, சம்பளத்துக்கு மேல் வருடம் 15,000 டாலர். அதைவிட முக்கியம், மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து கணக்குப் பேச ஓர் இடம். நகர் முழுவதற்கும் அது போதாதுதான். ஆனால் ஓட்டை எங்கே என்று பார்த்த முயற்சி அது.

எஸ்கலான்டேவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கட்டியதில் பாதியை மறைத்து, மீதியை ‘மன உறுதி’ என்று பெயர் வைத்து விற்றதுதான் என் வருத்தம். படத்தைப் பார்த்து உருகுகிற அதிகாரிக்கு அது வசதியான பாடம். செலவே இல்லை, இன்னொரு எஸ்கலான்டே வரும்வரை காத்திருந்தால் போதும்.

ஐ.டி.யிலிருந்து வாத்தியார் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் முதலில் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதோடு இன்னொன்றையும் கேளுங்கள் என்பேன். பக்கத்து வகுப்பில் யார் இருக்கிறார், அவர் எத்தனை வருஷமாக இருக்கிறார்?