கவிழ்த்து வைக்கும் கை

நெல்லித்தோப்பில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, கடைசிப் பந்தி எழுந்ததும் மண்டபத்து மாடியில் பாய் விரித்து ரம்மி தொடங்கிவிடும். நூற்றியொன்று ஆட்டம்; புள்ளி நூற்றியொன்றைத் தொட்டவர் வெளியே. எனக்குப் பிடித்தது ஸ்கூட் விடுகிறவரைப் பார்ப்பது. பதின்மூன்று சீட்டையும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, கட்டைத் தொடாமலே கவிழ்த்து வைப்பாரே, தேர்ந்த ஆட்டக்காரர் அவர்தான்.

முதல் முறையிலேயே விட்டால் 20 புள்ளி. ஒரு சீட்டு எடுத்துவிட்டு விட்டால் 40. ஜோக்கர் இல்லாத வரிசையான ஒரிஜினல் ரம்மி சேராமல் மாட்டிக்கொண்டால் மொத்தக் கையும் எண்ணப்பட்டு 80 வரை ஏறும். அதனால் எடுப்பதற்கு முன்பே, எது வந்தால் சேரும், அது எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஆட்டின் ஆறும் ஏழும் கையில் இருந்தால் ஐந்தோ எட்டோ வரலாம்; இரண்டு கட்டு ஆட்டம், ஆக நாலு சீட்டு. ஆறும் எட்டும் என்றால் நடு ஏழு மட்டும், இரண்டே சீட்டு. ஆறு, ஏழோடு இஸ்பேட் ஏழும் ஒட்டிக்கொண்டால் அந்த அழகே தனி. கிளாவர் ஏழும் டைமன் ஏழும் சேர, எட்டு சீட்டு ஆகிவிடுகிறது! ஆனால் அதில் நாலு, ஒரே எண் சேரும் செட்டுக்குத்தான் உதவும். ஒரிஜினலுக்கு அதே பழைய நாலுதான். இந்த எட்டை நம்பிப் போய்த்தான் பலர் முழுக்கை வாங்குகிறார்கள்.

போக்கரில் நாலு ஆட்டினை வைத்துக்கொண்டு ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்கும் இதே கேள்விதான். கண்ணில் படாத 47 சீட்டில் அவருக்கு வேண்டியது 9. அடுத்த சீட்டில் கிடைக்க ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. தொடர்வதா என்பதை அங்கே நடுவில் குவிந்த பணம் சொல்லும், இங்கே புள்ளி நோட்டு. 80-ல் இருப்பவர் இன்னும் ஒரு ஸ்கூட் விடலாம். 81 ஆகிவிட்டால் அதுவும் கிடையாது, எந்தக் கை வந்தாலும் ஆடியே தீர வேண்டும்.

1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதையும், எதை வைத்து எதை எறிவது என்ற தேர்வையும் காரணமாகச் சொன்னது. அதைவிடப் பெரிய திறமை நடுவில் விடுவது என்பேன். ஐந்துக்கும் எட்டுக்கும் காத்திருக்கும்போது, எதிரே ஆட்டின் எட்டு இரண்டும் விழுந்து மூடிப்போகின்றன. நாலு இரண்டாகிவிட்டது. வலப்பக்கத்தவர் இன்னொரு சீட்டை எடுத்துச் செருகுகிறார். கை மட்டும் முன்பு பார்த்த மாதிரியே நன்றாகத் தெரிகிறது. அந்தக் கையை, முகம் மாறாமல், 40-க்குக் கவிழ்க்கிறவருக்கு நான் எழுந்து இடம் கொடுப்பேன்.