காத்திருக்க முடிந்தவரின் புத்தி

பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டைகளோடு ஒருமுறை இறங்கிப் போனேன். விலை படியவில்லை. உடன் வந்த பெரியவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. 'பாதிய ஏத்திட்டுப் போயிருவோம். புகையில கெடந்தா ஒண்ணும் ஆகாது.' அடுப்புப் புகையில் மலைப்பூண்டு மாதக்கணக்கில் தாங்கும். கேரட் போட்டவருக்கு அந்த வசதி இல்லை. ஒட்டன்சத்திரம் மண்டியில் சொன்ன விலைதான்.

மின்சந்தையின் 'புத்திசாலி முகவர்கள்' பற்றிய பொருளியல் சொல்லாடலை வாசிக்கும்போதெல்லாம் இந்த இருவரும் என் நினைவுக்கு வருகிறார்கள். முகவர் என்பது இங்கே ஆள் அல்ல. எவ்வளவு மின்சாரத்தை என்ன விலைக்கு ஏலத்தில் வைப்பது என்பதைத் தானே பழகிக்கொள்ளும் மென்பொருள்.

2008இல் தொடங்கிய இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்சில் மறுநாள் மின்சாரம், கால் மணிக்கு ஒன்றாக 96 துண்டுகளில் ஏலம் போகிறது. விற்பவர் விலையும் வாங்குபவர் விலையும் சந்திக்கும் புள்ளிதான் அந்தத் துண்டில் எல்லோருக்குமான ஒரே விலை. சூட்சுமம் இங்கேதான். 100 யூனிட்டை 4 ரூபாய்க்கு விற்றால் 400 ரூபாய். பத்து யூனிட்டைப் பதுக்கி, அதனால் விலை 6 ரூபாய்க்கு ஏறினால், 90 யூனிட்டுக்கு 540 ரூபாய். லாபத்தை மட்டுமே குறியாகக் கொடுத்து ஆயிரக்கணக்கான முறை ஆடவிட்டால், பதுக்கலை மென்பொருள் தானே 'கண்டுபிடிக்கும்'. யாரும் யாரோடும் ரகசியம் பேச வேண்டியதில்லை. கால்வானோவும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட கணினிச் சோதனையில், விலை நிர்ணயிக்கும் நிரல்கள் ஒரு வார்த்தை பரிமாறாமலே போட்டி விலைக்கு மேலே நின்றன. சதியைத் தேடும் சட்டம் இங்கே யாரைப் பிடிக்கும்?

2022 மார்ச்சில் நம் சந்தை விலை சில நேரங்களில் யூனிட்டுக்கு 20 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொட்டது. மென்பொருள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை; நிலக்கரித் தட்டுப்பாடும் வெயிலும் போதுமான காரணங்கள். அந்த ஏப்ரலில் மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையம் வரம்பை 12 ரூபாயாகவும், 2023இல் 10 ரூபாயாகவும் குறைத்தது. தேவையான தடைதான். ஆனால் தட்டுப்பாட்டுக் காலத்தில், பழகும் நிரலுக்கு உச்சவரம்பே இலக்காகிவிடும்.

பெரும்பகுதி மின்சாரம் நீண்டகால ஒப்பந்தங்களில்தானே நகர்கிறது என்பார்கள். உண்மை. ஆனால் பற்றாக்குறை நாளில் கைநீட்ட வேண்டிய இடம் இந்தச் சந்தைதான். பல்பு போடுகிறவர் மின்சாரத்தைப் புகையில் கட்டித் தொங்கவிட முடியாது. அவருக்காக ஏலம் கேட்கும் விநியோக நிறுவனமும் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடிந்தவரின் அதிகாரத்தைத்தான் 'அறிவு' என்று பெயர் மாற்றி விற்கிறார்கள்.

பூண்டுப் பெரியவரின் காத்திருப்பு ஏழையின் தற்காப்பு. மின்நிலைய முதலாளியின் காத்திருப்பு ஊரையே இருட்டாக்கும் பலம். இரண்டையும் ஒரே 'உத்தி' என்று எழுதும் கோட்பாட்டை நாம் மறுக்க வேண்டும். கேட்க வேண்டியது எளிமையானது: ஏலக் கேள்விகள் பெயரோடு வெளியாகட்டும், நிரல் செய்த பதுக்கலுக்கு அதன் முதலாளி பதில் சொல்லட்டும். முகவருக்குப் பின்னால் ஆளே இல்லையா என்ன?