மக்கள் திரளும் படைக்கவிழ்ப்பும்: ‘சிலியின் போர்’, ‘சதுக்கம்’ ஆவணப்படங்கள் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்க்கும் படைத்துறை, அதற்கு முன் தெருவில் நிகழ்ந்த மக்கள் போராட்டங்களைத் தன் செயலுக்கான ஆணையாகக் காட்டுவது இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளது. 1973இல் சிலியிலும் 2013இல் எகிப்திலும் நடந்த இத்தகைய நிகழ்வுகளைப் பதிவு செய்த இரு ஆவணப்படங்களை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. பாத்ரிசியோ குஸ்மானின் ‘சிலியின் போர்’, ஜெஹான் நுஜைமின் ‘சதுக்கம்’ ஆகிய இப்படங்கள் மக்கள் திரளை எவ்வாறு காண்கின்றன, திரளின் கோரிக்கைக்கும் படையின் செயலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்த அளவுக்குப் புலப்படுத்துகின்றன என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், மக்கள் திரள், படைக்கவிழ்ப்பு, சிலி, எகிப்து, புரட்சி.

முன்னுரை

1973 செப்டம்பர் 11 அன்று சிலியின் முப்படைகளும் குடியரசுத் தலைவர் சல்வதோர் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்தன. 2013 சூலை 3 அன்று எகிப்தின் படைத்தளபதி அப்துல் ஃபத்தாஹ் அல்-சிசி, குடியரசுத் தலைவர் முகம்மது முர்சியைப் பதவியிலிருந்து அகற்றினார். இவ்விரு அரசுகளும் கொள்கையால் முற்றிலும் வேறுபட்டவை. முன்னது சோசலிசத்தைத் தேர்தல் வழியில் அடைய முயன்றது. பின்னது முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் ஆட்சி. ஆயினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கவிழ்ப்புக்கு முந்தைய மாதங்களில் இரு நாடுகளிலும் அரசுக்கு எதிராகப் பெருந்திரளானோர் தெருவில் இறங்கினர். அவர்களுள் பலருக்கு உண்மையான குறைகள் இருந்தன. படை ஆட்சியைக் கைப்பற்றியபோது அக்குறைகளே அதற்குரிய நியாயமாக முன்வைக்கப்பட்டன.

எனவே, போராட்டம் உண்மையானதா பொய்யானதா என்று கேட்பது மட்டும் போதாது. உண்மையான போராட்டத்தின் குரல் எந்தக் கட்டத்தில், எவ்வாறு படையின் குரலாக மாற்றப்படுகிறது என்பதே கேட்கப்பட வேண்டியது. திரளைத் திரையில் காட்டும் ஆவணப்படம் இவ்வினாவிலிருந்து விலகி நிற்க இயலாது. கேமரா நிற்கும் இடமும் படத்தொகுப்பின் வரிசையும் இதற்கு ஒரு விடையைத் தந்துவிடுகின்றன.

‘புரட்சி’ என்னும் சொல்

இவ்வாய்வுக்குத் தமிழின் சொல்வழக்கே ஒரு தடையாகவும் ஒரு திறவாகவும் அமைகிறது. தமிழ் நாளிதழ்கள் படைத்துறை ஆட்சியைக் கைப்பற்றும் நிகழ்வை நெடுங்காலமாக ‘இராணுவப் புரட்சி’ என்றே எழுதி வந்துள்ளன. ‘பிரெஞ்சுப் புரட்சி’, ‘ரஷ்யப் புரட்சி’ என்னும் தொடர்களில் மக்களின் எழுச்சியைக் குறிக்கும் அதே சொல், இங்கே மக்களின் தெரிவைப் படை நீக்குவதையும் குறிக்கிறது. ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்னும் மாற்றுத்தொடர் வழக்கில் இருப்பினும், கட்சித்தாவலால் ஓர் அரசு வீழ்வதற்கும் அதுவே ஆளப்படுவதால் படையின் பங்கு அதில் வெளிப்படுவதில்லை. ஆதலின் இக்கட்டுரை ‘படைக்கவிழ்ப்பு’ என்னும் சொல்லைக் கையாள்கிறது.

2013இன் எகிப்தில் இச்சொற்பூசலே அரசியல் பூசலாக இருந்தது. முர்சியின் எதிர்ப்பாளர்கள் சூலை நிகழ்வை ‘தவ்ரா’ (புரட்சி) என்றனர். ஆதரவாளர்கள் ‘இன்கிலாப்’ (கவிழ்ப்பு) என்றனர். உருது வழியாகத் தமிழுக்கு வந்த ‘இன்குலாப்’ நமக்குப் புரட்சி முழக்கம்; கவிஞர் ஒருவரின் புனைபெயரும்கூட. இக்கால அரபியிலோ அதே சொல் படைக்கவிழ்ப்பைக் குறிக்கிறது. ‘புரள்’ என்னும் அடியிலிருந்து தமிழின் புரட்சி பிறந்ததைப் போலவே, ‘இன்கிலாப்’ என்பதும் தலைகீழாகத் திரும்புதல் என்னும் பொருளடியிலிருந்து பிறந்தது. புரட்டப்பட்டது எது என்பதைச் சொல் கூறும்; புரட்டியவர் யார் என்பதைக் கூறாது. அமெரிக்கச் சட்டப்படி, படைக்கவிழ்ப்பு நிகழ்ந்த நாட்டிற்கான உதவி நிறுத்தப்பட வேண்டும் என்பதால், அன்றைய அமெரிக்க அரசு எகிப்து நிகழ்வுக்குப் பெயரிடுவதையே தவிர்த்தது. பெயரிடுதல் எத்துணை விளைவுடையது என்பதற்கு இதுவே சான்று.

எதிர்த்திரளைக் காணுதல்: ‘சிலியின் போர்’

குஸ்மானின் படம் மூன்று பாகங்களால் ஆனது. முதற்பாகத்தின் தலைப்பு ‘முதலாளி வகுப்பின் கிளர்ச்சி’ (1975). இரண்டாவது ‘படைக்கவிழ்ப்பு’ (1976). மூன்றாவது ‘மக்கள் அதிகாரம்’ (1979). ஒரு சிறு குழு, பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் அனுப்பிய 16 மி.மீ. படச்சுருளைக் கொண்டு 1973இல் இதனைப் படமாக்கியது. கவிழ்ப்புக்குப் பின் குஸ்மான் சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கில் அடைத்து வைக்கப்பட்டார். படச்சுருள்கள் சுவீடன் தூதரகத்தின் உதவியுடன் நாட்டை விட்டு வெளியேறின. படத்தொகுப்பு கியூபாவில் நடந்தது. ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லர் சில்வா 1974 நவம்பரில் கைது செய்யப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்.

முதற்பாகத்தின் தலைப்பிலேயே படத்தின் வாதம் உள்ளது. கிளர்ச்சி என்பது இடதுசாரிகளுக்கே உரியது என்னும் எண்ணத்தை அது தொடக்கத்திலேயே மறுக்கிறது. அயெந்தே 1970 தேர்தலில் ஏறத்தாழ 36 விழுக்காட்டு வாக்குகளுடன் முதலிடம் பெற்று, நாடாளுமன்றத்தின் ஏற்புடன் பதவிக்கு வந்தவர். 1973 மார்ச்சு நாடாளுமன்றத் தேர்தலில் அவரது கூட்டணி ஏறத்தாழ 44 விழுக்காடு பெற்றது. அவரைச் சட்டப்படி நீக்குவதற்குத் தேவையான மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை எதிர்க்கட்சிகளுக்குக் கிட்டவில்லை. தேர்தல் வழி அடைபட்டபின் எதிர்ப்பு எங்கே செல்கிறது என்பதைப் படம் படிப்படியாகப் பின்தொடர்கிறது: பதுக்கல், நாடாளுமன்ற முடக்கம், மாணவர் போராட்டம், சுரங்க வேலைநிறுத்தம், சரக்குந்து உரிமையாளர் வேலைநிறுத்தம், இறுதியாகப் படை.

வாக்காளர் நேர்காணல்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. குஸ்மான் தம் பக்கத்தினரை மட்டும் பேசவிடவில்லை. ஊர்வலத்திலும் வீட்டினுள்ளும் எதிர்த்தரப்பினரை நெருங்கி நின்று கேட்கிறார். வசதி படைத்த குடும்பம் ஒன்றின் அடுக்ககத்தில் கேமரா பேசுவோரை விட்டு விலகி அறையின் பொருள்களின்மீது நகர்கிறது. பேச்சு நாட்டைப் பற்றியது. காட்சியோ உடைமையைப் பற்றியது.

இரண்டாம் பாகத்தில், கொலையுண்ட கடற்படை அதிகாரி ஆர்த்துரோ அரயாவின் இறுதிச்சடங்குக் காட்சி படத்தின் திறனுக்குச் சிறந்த சான்று. அரயா அயெந்தேயின் துணை அதிகாரியாக இருந்தவர். 1973 சூலை இறுதியில் கொல்லப்பட்டார். சடங்கில் நிற்கும் படை அதிகாரிகளின் முகங்களைக் கேமரா ஒவ்வொன்றாகத் தேடிச் செல்கிறது. அங்கே எதுவும் நிகழ்வதில்லை. ஆயினும் அடுத்த சில வாரங்களில் அவர்களுள் யார் எப்பக்கம் நிற்பார் என்னும் வினா அம்முகங்களில் தொங்கி நிற்கிறது. ஆகஸ்டு 21 அன்று படை அதிகாரிகளின் மனைவியர் தலைமைத் தளபதி கார்லோஸ் பிராட்சின் வீட்டின்முன் ஆர்ப்பாட்டம் செய்தனர். அரசமைப்புக்குக் கட்டுப்பட்டு நின்ற பிராட்ஸ் இரண்டே நாளில் பதவி விலகினார். அவ்விடத்திற்குப் பினோசே வந்தார். ஓர் ஆர்ப்பாட்டம் படையின் உள்ளமைப்பையே மாற்றிய நிகழ்வு இது. போராட்டமும் கவிழ்ப்பும் அடுத்தடுத்து வந்த இரு தனி நிகழ்வுகள் அல்ல, ஒன்றினுள் ஒன்று இயங்கியவை என்னும் குஸ்மானின் பார்வைக்கு வரலாறும் இவ்வாறு துணை நிற்கிறது.

இப்படத்திற்குக் குறையும் உண்டு. எல் தெனியெந்தே செப்புச் சுரங்கத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் 1973இல் ஊதியக் கோரிக்கைக்காக நடத்திய நெடிய வேலைநிறுத்தத்தை எதிர்க்கட்சிகள் தமக்குச் சாதகமாக்கின என்பது உண்மை. ஆனால் அத்தொழிலாளர் பேசி முடிக்கும் முன்பே படத்தின் பின்னணிக்குரல் அவர்களுக்கு விளக்கம் அளித்துவிடுகிறது. தொழிலாளி ஒருவர் தம் அரசு என்று கூறப்பட்ட அரசை ஏன் எதிர்த்தார் என்பதை அவர் வாய்மொழியாக முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு பார்வையாளருக்குக் குறைகிறது. 1970 முதல் 1973 வரை அமெரிக்க உளவுத்துறை சிலியில் ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் மறைவாகச் செலவிட்டதை அமெரிக்க மேலவைக் குழு 1975இல் வெளிப்படுத்தியது. இப்பணம் எதிர்ப்பை வளர்த்தது. ஆனால் தட்டுப்பாட்டால் வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் சினத்தையும் அது விலைக்கு வாங்கியதன்று. கூலிக்கூட்டம் என்னும் விளக்கம் எளிது, ஆதலாலேயே போதாதது.

சதுக்கத்தின் உள்ளும் புறமும்: ‘சதுக்கம்’

நுஜைமின் படத்தின் அரபுத் தலைப்பு ‘அல்-மைதான்’. நம் ‘மைதானம்’ என்னும் சொல்லுக்கு உறவான சொல் அது. 2011 சனவரியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்டோருள் சிலரைப் படம் பின்தொடர்கிறது. இளைஞர் அகமது ஹசன், நடிகர் காலித் அப்தல்லா, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைச் சேர்ந்த மக்தி அஷூர் ஆகியோர் முதன்மையானவர்கள். முர்சியின் பதவிக்காலத்திலேயே, 2013 சனவரியில், படத்தின் முதல் வடிவம் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டுப் பார்வையாளர் விருது பெற்றது. பின்னர் நிகழ்வுகள் மாறவே, அவ்வாண்டின் கோடைகால நிகழ்வுகளையும் சேர்த்துப் படம் மறுவடிவம் பெற்றது.

‘சிலியின் போர்’ எதிர்த்திரளை வெளியிலிருந்து நோக்குகிறது. ‘சதுக்கம்’ திரளின் உள்ளிருந்தே பேசுகிறது. இதனால் அதற்கு ஒரு தனி வலிமை கிட்டுகிறது. அகமதுக்கும் மக்திக்கும் இடையிலான நட்பு படத்தின் உயிர்ப்பகுதி. இயக்கத்தின் கட்டளைக்கும் சதுக்கத்துத் தோழமைக்கும் இடையில் மக்தி அலைப்புறுவதைப் படம் மிகுந்த பரிவுடன் காட்டுகிறது. இயக்கத்தவர் அனைவரையும் ஒரே முகமாகக் காட்டிய அக்கால எகிப்தியத் தொலைக்காட்சிகளுக்கு இது நேர் எதிரானது.

ஆனால் 2013 சூன் 30க்குப் பிந்தைய பகுதியில் படத்தின் பார்வை சுருங்குகிறது. ஏறத்தாழ 51.7 விழுக்காடு வாக்குகளுடன் வென்ற முர்சி, 2012 நவம்பரில் தம் ஆணைகளை நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்டவையாக அறிவித்தார். எதிர்ப்புக்கு இது வலுவான காரணம். ‘தமர்ருத்’ இயக்கம் கையெழுத்துத் திரட்டிய மனுவின் கோரிக்கை, முன்கூட்டியே குடியரசுத் தலைவர் தேர்தல் நடத்த வேண்டும் என்பது. சூலை 3 அன்று நிகழ்ந்ததோ அரசமைப்பு இடைநிறுத்தம், தலைவரின் சிறைவைப்பு, அரசமைப்பு நீதிமன்றத் தலைவர் இடைக்காலத் தலைவராக அமர்த்தப்படல். மக்கள் கேட்டது ஒரு தேர்தல். படை தந்தது ஓர் ஆட்சி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்த வெளியிலேயே கவிழ்ப்பு நிகழ்ந்தது. ‘சதுக்கம்’ அவ்வெளியை விரிவாகக் காட்டாமல் விரைந்து கடக்கிறது.

சூன் 30 திரளின் பரப்பை உலகுக்குக் காட்டிய வான்வழிக் காட்சிகளுள் இயக்குநர் காலித் யூசுஃப் படைத்துறை வானூர்தியிலிருந்து எடுத்தவையும் அடங்கும். மேலிருந்து நோக்கும்போது திரள் ஒரே உடலாகத் தோன்றும். அதனுள் முன்கூட்டிய தேர்தலை விரும்பியவர், பழைய ஆட்சியை விரும்பியவர், படையை அஞ்சியவர் என்னும் வேறுபாடுகள் மறையும். எண்ணிக்கையே ஆணையாகிவிடும். இக்காட்சிமுறைக்கு மாற்றாக நிற்கக்கூடியது நுஜைமின் தரைவழிக் கேமராவே. முகங்களை அறிந்த அக்கேமரா, அந்நாளில் அம்முகங்களுக்கிடையே எழுந்த பிளவை இன்னும் நெருங்கிக் கேட்டிருக்கலாம். 2013 ஆகஸ்டு 14 அன்று ரபா அல்-அதவிய்யாவில் முர்சி ஆதரவாளர்களின் உள்ளிருப்புப் போராட்டம் கலைக்கப்பட்டபோது குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்துள்ளது. அதுவும் ஒரு சதுக்கமே, அங்கிருந்தோரும் மக்களே. படத்தின் இறுதியில் அதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

பின்னறிவு என்னும் எதிர்வாதம்

இவ்வொப்பீட்டுக்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். குஸ்மான் முடிவை அறிந்தபின், நாடுகடந்த நிலையில், ஆண்டுக்கணக்கில் படத்தொகுப்பு செய்தார். நுஜைமோ நிகழ்வு நடந்த சில வாரங்களுக்குள் படத்தை நிறைவு செய்தார். எனவே இரண்டையும் ஒரே தராசில் இடுதல் முறையன்று எனலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் அதற்கு இரு மறுமொழிகள் உள்ளன.

ஒன்று: அரயாவின் இறுதிச்சடங்கில் அதிகாரிகளின் முகங்களைத் தேடிய கேமரா கவிழ்ப்புக்கு முன்பே அவ்வாறு தேடியது. அந்த ஐயம் படத்தொகுப்பில் பிறந்ததன்று, படப்பிடிப்பிலேயே இருந்தது. மற்றொன்று: படையின் இயல்பை அறிவதற்கு ‘சதுக்க’த்திற்குப் பின்னறிவு தேவைப்படவில்லை. 2011 அக்டோபரில் மஸ்பேரோவில் கிறித்தவப் போராட்டக்காரர்மீது படை வாகனங்கள் ஏறியதையும், பாடகர் ராமி எஸ்ஸாம் படையினரால் வதைக்கப்பட்டதையும் தன் முற்பகுதியிலேயே அப்படம் ஆவணப்படுத்தியுள்ளது. தான் திரட்டிய சான்றைத் தன் முடிவில் பயன்படுத்தாமை அறிவின் குறையன்று. திரளின்மீது கொண்ட அன்பின் விளைவு. அவ்வன்பு மதிக்கத்தக்கது. ஆயினும் திறனாய்வு அதன் விலையைச் சுட்டியாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன பின்வருமாறு. ‘சிலியின் போர்’ எதிர்த்திரளை ஆராய்கிறது, ஆனால் அதன் அகத்தை முழுமையாகக் கேட்பதில்லை. ‘சதுக்கம்’ திரளின் அகத்தைக் கேட்கிறது, ஆனால் திரளை ஆராய்வதில்லை. முன்னதன் ஐயமும் பின்னதன் பரிவும் ஒருங்கே தேவைப்படும் பொருள் இது.

இரு நாடுகளிலும் படையை வரவேற்றோர் பலர், இடைக்கால ஏற்பாடு ஒன்றையே எதிர்பார்த்தனர். சிலியில் 1973 ஆகஸ்டு 22 அன்று அரசைக் கண்டித்துப் படையினரான அமைச்சர்களை விளித்துத் தீர்மானம் இயற்றிய கீழவை, அடுத்த மாதமே நாடாளுமன்றத்துடன் சேர்த்துக் கலைக்கப்பட்டது. படையாட்சி 1990 வரை நீடித்தது. எகிப்தில் சிசி 2014இல் குடியரசுத் தலைவரானார். 2011இன் இளைஞர்களுள் பலர் சிறை சென்றனர். திரளின் பெயரால் வந்த ஆட்சி முதலில் தடை செய்தது திரளுதலையே.

1997இல் வெளிவந்த ‘சிலி, விடாப்பிடியான நினைவு’ என்னும் படத்தில் குஸ்மான் தம் பழைய படத்தைச் சிலியின் இளம் மாணவர்களுக்குத் திரையிட்டுக் காட்டுகிறார். தம் நாட்டுத் தெருக்களில் நடந்ததை அதுவரை கண்டிராத அவர்களுள் சிலர் கண்ணீர் விடுகின்றனர். ஆவணப்படம் கவிழ்ப்பைத் தடுப்பதில்லை. ஆனால் மக்கள் கேட்டது இது, அவர்கள் பெயரால் செய்யப்பட்டது இது என்று பிரித்துக் காட்டும் சான்றை அது காத்து வைக்க முடியும். தமிழில் இப்பொருள் குறித்து எழுதுவோருக்கும் அதே கடமை உண்டு. இரண்டையும் ‘புரட்சி’ என்னும் ஒரே சொல்லால் எழுதும் வழக்கத்தைக் கைவிடுவது அதன் முதற்படி.