பூண் போட்டால் மட்டும் போதுமா?

புதிய அரம் கைக்கு வந்ததும் மாணவர்கள் முதலில் பார்ப்பது அதன் பற்களைத்தான். இதற்கு அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தொழிற்பயிற்சியின்போது எனக்குப் பாடமாக இருந்த நூலிலும் பற்களின் அமைப்பு, முரட்டு அரம், நுண் அரம் என்று பல பக்கங்கள் இருந்தன. கைப்பிடிக்குக் கிடைத்தது ஒரே வரி. கைப்பிடி இன்றி அராவக் கூடாது என்பதே அது.

அந்த வரி போதாது. என்னோடு பயின்ற ஒருவர் கைப்பிடி உள்ள அரத்தால்தான் அராவினார். பின்னுக்கு இழுத்தபோது பிடி கழன்றது. அடுத்த தள்ளலில் கூரிய வால் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஆக, பிடி இருந்தால் மட்டும் போதாது. அது வாலில் நிலைத்து நிற்கவும் வேண்டும்.

கடைகளில் விற்கும் மரப்பிடிகள் பலவற்றின் குறை அவற்றின் துளையில் இருக்கிறது. அரத்தின் வால் ஆப்பு வடிவம் உடையது. துளையோ அடிவரை ஒரே அகலம். அப்படிப்பட்ட துளையில் வால் வாயருகே மட்டும் பட்டு நிற்கும், உள்ளே ஆடும். இறுகட்டும் என்று ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். உலக்கை முனையைக் காப்பது போலப் பூண் வாயைப் பிளவாமல் காக்கும். ஆனால் உள்ளே பிடிப்பைத் தர அதனால் இயலாது. பிடி சற்றே கோணினாலும் அரம் ஆடி, தட்டையாக வரவேண்டிய பரப்பு நடுவில் மேடாகும். மதிப்பெண் இழப்பவர் மாணவர்!

பரிகாரம் கடினமன்று. வால் 60 மில்லிமீட்டர் நீளமும், தோளருகே 10, நுனியில் 4 மில்லிமீட்டர் அகலமும் உடையது என்று கொள்வோம். முதலில் 4 மி.மீ. துளையை 60 மி.மீ. ஆழம் இடுக. அதையே 40 மி.மீ. ஆழம்வரை 6 ஆகவும், 20 மி.மீ. ஆழம்வரை 8 ஆகவும் அகலப்படுத்துக. இந்தப் படிகளின் விளிம்புகளை வால் கவ்விக்கொள்ளும். கையால் செருகியபின் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கவேண்டும். அரம் மேல்நோக்கி இருக்க, பிடியின் அடியை மேசையில் தட்டினால் மீதியும் இறங்கும். அரத்தைச் சுத்தியலால் அடிக்கலாகாது; கடினமான எஃகு நொறுங்கும்.

வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் செருகும் பழைய வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கரியான மரம் நாளடைவில் உதிரும். வெப்பம் பற்கள்வரை பரவிச் சுமார் 200 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அவற்றின் கடினமும் குறையத் தொடங்கும். ஈரத்துணி சுற்றுவதால் ஓரளவே பாதுகாப்பு. பிளாஸ்டிக் பிடி பிளப்பது அரிது என்றாலும், இடைவிடாத அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து தளரும். மரமும் கோடையில் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் அதை மறுபடி தட்டி இறுக்கிக்கொள்ளலாம். நேர் இழையோடிய, நன்கு காய்ந்த கருவேலம் நம் ஊரில் கிடைக்கும். முடிச்சு உள்ள துண்டை ஒதுக்கிவிடுங்கள். பூணுக்குக் கீழே விரிசல் கண்ட பிடியை அன்றே அடுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.